கப்பலுக்கு ஓனர் ஒருத்தர், மேனேஜர் இன்னொருத்தர்: பிரச்னை வந்தா யார் பொறுப்பு?

ஆத்தூர் பக்கம் கல்யாணப் பேச்சில் "மாப்பிள்ளை கப்பல்ல இருக்கார்" என்று வந்தால், அடுத்த கேள்வி "எந்தக் கம்பெனி?" என்பதாகத்தான் இருக்கும். பதிலாக ஒரு பெயர் சொல்வார்கள். பெரும்பாலும் அது கப்பலின் சொந்தக்காரர் பெயர் கிடையாது. கன்டெய்னரில் பெயின்ட் அடித்திருக்கும் பெயரும் கிடையாது. கப்பலின் பின்பக்கம் எழுதியிருக்கும் ஊருக்கும் அதற்கும் பல நேரம் சம்பந்தமே இருக்காது. அது கப்பலை 'மேனேஜ்' பண்ணும் கம்பெனியின் பெயர். சில சமயம் அதுகூட இல்லை, ஆள் எடுத்துக் கொடுக்கும் ஏஜென்சியின் பெயர்.

தாமிரபரணி கடலில் சேர்வதற்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும் ஆத்தூர், வெளியூர்க்காரர்களுக்கு வெற்றிலை ஊர். 2023-ல் ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடே கிடைத்தது. ஆனால் கிழக்கே புன்னைக்காயல், வடக்கே தூத்துக்குடி துறைமுகம், பக்கத்திலேயே பழைய கொற்கை. கடல் தொழில் இங்கே யாருக்கும் புதுசு இல்லை.

தோணிக் காலத்தில் கணக்கு எளிது. தோணி முதலாளி யார் என்று ஊருக்கே தெரியும். கொழும்புக்கோ மாலத்தீவுக்கோ தோணியை ஓட்டிப் போகும் தண்டல் யார் என்பதும் தெரியும். சம்பளம் வரலையா, ஆளுக்கு ஏதாவது ஆச்சா? முதலாளி வீட்டு வாசலில் போய் நிற்கலாம்.

இன்றைய பெரிய கப்பலில் அந்த வாசல் எங்கே இருக்கு?

ஒரு கப்பல், அஞ்சு பெயர்

2024 மார்ச் 26 அதிகாலை அமெரிக்காவின் பால்டிமோரில் பாலத்தை இடித்த 'டாலி' ஞாபகம் இருக்கா? கிட்டத்தட்ட 300 மீட்டர் நீளமுள்ள கன்டெய்னர் கப்பல். கிளம்பியது கொழும்புக்கு. துறைமுகத்தை விட்டு வெளியே வரும்போதே கரன்ட் போனது. வந்தது, மறுபடி போனது. பாலத்தின் தூணில் மோதியதும் மொத்தப் பாலமும் சரிந்தது. மேலே ரோட்டுப் பள்ளங்களை அடைத்துக்கொண்டிருந்த தொழிலாளர்களில் 6 பேர் இறந்தார்கள். கப்பலில் இருந்த மாலுமிகள் 21 பேர். அதில் 20 பேர் இந்தியர்கள், ஒருவர் இலங்கைக்காரர்.

அன்றைக்கு டிவியில் ஒவ்வொரு சேனலும் ஒவ்வொரு பெயரைச் சொன்னது. எதுவும் தப்பில்லை. கப்பலின் சொந்தக்காரர் கிரேஸ் ஓஷன். கொடி சிங்கப்பூர். வாடகைக்கு எடுத்து சரக்கு ஏற்றியது மெர்ஸ்க். கட்டுமானமும் இயந்திரங்களும் தரப்படி இருக்கின்றன என்று சான்று தரும் அமைப்பு ஜப்பானின் கிளாஸ் என்.கே. தினசரி நடத்தியது சினெர்ஜி மரைன். சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்த நிறுவனத்துக்கு சென்னையிலும் அலுவலகம் உண்டு.

வாடகைக்கு எடுப்பவரை 'சார்ட்டரர்' என்பார்கள். சரக்கு எங்கே ஏறணும், எங்கே இறங்கணும் என்று சொல்வது அவர். கப்பல் ஓடும் நிலையில் இருக்கா, அதில் தகுதியான ஆள் இருக்கா என்பது மேனேஜர் வேலை.

ஏன் சொந்தக்காரரே நடத்துவதில்லை? பல கப்பல்களின் சொந்தக்காரர் என்பது முதலீட்டாளர்கள் சேர்ந்து ஒரே ஒரு கப்பலுக்காகப் பதிவு செய்த கம்பெனி. அவர்களிடம் பணம் இருக்கும், கப்பல் தெரிந்த ஆள் இருக்காது. அதனால் ஆண்டுக்கு இவ்வளவு என்று கட்டணம் பேசி மேனேஜ்மென்ட் கம்பெனியிடம் கொடுத்துவிடுகிறார்கள். சம்பளம், ஸ்பேர் பார்ட்ஸ், ரிப்பேர் எல்லாம் ஓனர் பணம். அதைச் செலவழிப்பது மேனேஜர்.

இந்த ஓனர், வாடகை விவகாரம் தூத்துக்குடிக்கு நூறு வருஷத்துக்கு மேல் பழசு. 1906-ல் வ.உ.சி. முன்னின்று தொடங்கிய சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனிக்கு பாண்டித்துரைத் தேவர் தலைவர், ஹாஜி முகமது பக்கீர் சேட் செயலாளர், வ.உ.சி. உதவிச் செயலாளர். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள், மூலதனம் 10 லட்சம் ரூபாய் என்று திட்டம். ஆனால் சொந்தக் கப்பல் இல்லை. வாடகைக்கு எடுத்த கப்பலை, பிரிட்டிஷ் கம்பெனியின் நெருக்கடியால் அதன் ஓனர் திரும்ப வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் அலைந்து திரிந்து பணம் சேர்த்து, 1907-ல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களைச் சொந்தமாகவே கொண்டுவந்தார்கள். துறைமுகத்துக்கு வ.உ.சி. பெயர் இருக்கு. அவர் கம்பெனி கட்டிய கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

ஆபீஸில் யார் யார் இருக்காங்க?

மேனேஜ்மென்ட் கம்பெனியை கரையில் இருக்கும் இன்னொரு இன்ஜின் ரூம் என்று நினைத்துக்கொள்ளலாம். அதில் முக்கியமான ஆள் டெக்னிக்கல் சூப்பரின்டென்டென்ட். பெரும்பாலும் பல வருஷம் கடலில் இருந்து கரைக்கு வந்த முன்னாள் சீஃப் இன்ஜினியர். அவர் கையில் ஒன்றுக்கு மேற்பட்ட கப்பல்கள் இருக்கும். மெஷின் ரிப்போர்ட் அவருக்கு வரும், ஸ்பேர் கேட்டு வரும் மெயில் அவருக்கு வரும், ட்ரை டாக்கில் கப்பலை ஏற்றும்போது யார்டுக்காரர்களோடு மல்லுக்கட்டுவதும் அவர். நடுராத்திரி போன் அடித்தால் எடுக்க வேண்டியவரும் அவரே.

கூடவே அந்தக் கப்பல்களின் ஆண்டு பட்ஜெட்டும் அவர் தலையில்தான். சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்குது. "இந்தப் பம்பை மாத்தணும்" என்று கப்பலில் இருந்து கேட்கிறார்கள். "இந்தக் காலாண்டு தாங்குமா பாருங்க" என்று கேட்கத் தூண்டும் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருக்கார். பாதுகாப்பையும் சிக்கனத்தையும் ஒரே ஆளிடம் கொடுத்தால், கெட்ட எண்ணம் இல்லாமலே தராசு ஒரு பக்கம் சாயலாம்.

டாலி விபத்தை விசாரித்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2025 நவம்பரில் முடிவைச் சொன்னபோது, கரன்ட் போனதற்குக் காரணமாகக் காட்டியது ஒரு வயர். வயரில் மாட்டியிருந்த பெயர் லேபிள் சரியான இடத்தில் இல்லாததால், வயர் தன் இணைப்புக்குள் முழுசாகப் போகவில்லை. நாளடைவில் அது கழன்றது. இவ்வளவு பெரிய கப்பலில் இருக்கும் ஆயிரக்கணக்கான வயர்களில் ஒன்று.

ஆனால் இரண்டாவது தடவை கரன்ட் போனதற்குக் காரணம் வேறு. ஜெனரேட்டர்களுக்கு எரிபொருள் அனுப்ப, குழாய் கழுவுவதற்கான ஒரு பம்பைப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். கரன்ட் போய் வந்தால் அந்தப் பம்ப் தானாக மறுபடி ஓடாது. எரிபொருள் அழுத்தம் குறைந்து மறுபடியும் இருட்டு. கப்பலில் வழக்கமாகிப்போன இந்தக் குறுக்குவழியை கரையில் இருந்தவர்கள் கவனித்துத் தடுக்கவில்லை என்பது நிர்வாகம் மீது விழுந்த விமர்சனம். வயரை யாரும் கவனிக்காமல் விடலாம். தினமும் ஓடும் பம்பைக் கவனிப்பதற்குத்தான் சூப்பரின்டென்டென்ட் என்று ஒரு பதவியே இருக்கு. 2024 அக்டோபரில், அமெரிக்க அரசு தொடுத்த சிவில் வழக்கை முடிக்க ஓனரும் மேனேஜரும் சேர்ந்து சுமார் 10.2 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டார்கள்.

மற்றவர்களைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். மரைன் சூப்பரின்டென்டென்ட் பெரும்பாலும் முன்னாள் கேப்டன். பயணப் பாதுகாப்பும், கப்பலில் ஏறி ஆடிட் செய்வதும் அவர் வேலை. க்ரூயிங் டிபார்ட்மென்ட் ஆள் எடுக்கும், சர்ட்டிபிகேட் சரிபார்க்கும், ஒப்பந்தம் முடிந்தவருக்கு ரிலீவர் அனுப்பும். வீட்டில் இருப்பவர்களுக்கு அதிகம் பழக்கமான குரல் இவர்களுடையதுதான். பர்ச்சேஸ், அக்கவுன்ட்ஸ் எல்லா ஆபீஸிலும் இருப்பது போலத்தான். இவர்கள் எல்லோருக்கும் மேலே, ஒரு கொத்துக் கப்பல்களுக்கு ஃப்ளீட் மேனேஜர்.

போர்டில் பெயர் இருக்கும் அந்த ஒருத்தர்

இந்த வரிசையில் சேராத ஒரு ஆள் இருக்கார். டி.பி.ஏ., அதாவது டெசிக்னேட்டட் பெர்சன் அஷோர். கரையில் இருந்தபடி கப்பலின் பாதுகாப்புக்குப் பதில் சொல்லவேண்டிய நபர். இந்தப் பதவி ஒரு பெரிய சாவுக்குப் பிறகு வந்தது.

1987 மார்ச் 6 அன்று பெல்ஜியத்தின் ஸீப்ரூக் துறைமுகத்தில் இருந்து கிளம்பிய 'ஹெரால்டு ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்' என்ற பயணிகள் கப்பல், முன்பக்கக் கதவை மூடாமலே புறப்பட்டது. தண்ணீர் உள்ளே புகுந்து சில நிமிஷத்தில் கவிழ்ந்தது. 193 பேர் இறந்தார்கள். கதவை மூடவேண்டியவர் தூங்கிக்கொண்டிருந்தார் என்பதோடு விசாரணை நிற்கவில்லை. கதவு மூடியிருக்கா திறந்திருக்கா என்று காட்ட, கேப்டன் நிற்கும் பிரிட்ஜில் ஒரு விளக்கு வைக்கச் சொல்லி முன்பே கேட்டிருக்கிறார்கள். கரையில் இருந்த நிர்வாகம் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஒரு விளக்கு!

கப்பலில் இருந்து போன எச்சரிக்கை ஆபீஸின் நடுப்படியிலேயே செத்துப்போகக் கூடாது என்பதுதான் பாடம். சர்வதேசக் கடல்சார் அமைப்பு 1993-ல் ஐ.எஸ்.எம். கோடு என்ற விதித்தொகுப்பைக் கொண்டுவந்தது. 1998 ஜூலையில் பயணிகள் கப்பல், டேங்கர் போன்றவற்றுக்கும், 2002 ஜூலையில் மற்ற சரக்குக் கப்பல்களுக்கும் அது கட்டாயமானது. அதன்படி டி.பி.ஏ.வுக்கு கம்பெனியின் உச்சியில் இருப்பவரை நேராகச் சந்தித்துச் சொல்லும் உரிமை இருக்கணும். பாதுகாப்பு விஷயத்தில் கேப்டன் எடுக்கும் முடிவே கடைசி முடிவு என்பதையும் கம்பெனி எழுத்தில் கொடுக்கணும். கம்பெனிக்கு ஒரு சான்று, ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு சான்று. கம்பெனியின் சான்று போனால் அதன் கீழ் இருக்கும் கப்பல்கள் ஓட முடியாது.

டி.பி.ஏ. பெயரும் போன் நம்பரும் வழக்கமாக கப்பலின் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கும். கேப்டனைத் தாண்டி ஒரு ஜூனியர் மாலுமிகூட அவரைக் கூப்பிடலாம். எத்தனை பேர் தைரியமாகக் கூப்பிடுவார்கள் என்பது வேற விஷயம். அடுத்த ஒப்பந்தம் தருவதும் அதே கம்பெனிதானே.

தூத்துக்குடி பார்த்த கப்பல்

பொறுப்பு யாருடையது என்று தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதை இந்த ஊர் நேராகவே பார்த்திருக்கு. 2013 அக்டோபர் 12 அன்று 'சீமேன் கார்டு ஓகியோ' என்ற கப்பலைக் கடலோரக் காவல் படை தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தது. கடற்கொள்ளைக்கு எதிராக ஆயுதக் காவலர்களை வைத்திருந்த கப்பல் அது. சரக்குக் கப்பல் இல்லை. ஆனால் பெயர்களின் குழப்பம் அதேதான். கொடி சியரா லியோன். கம்பெனி அமெரிக்காவின் அட்வன்ஃபோர்ட். உள்ளே இருந்த 35 பேரில் இந்தியர்கள் 12, எஸ்டோனியர்கள் 14, பிரிட்டிஷ்காரர்கள் 6, உக்ரைனியர்கள் 3.

அனுமதி இல்லாமல் ஆயுதம் வைத்திருந்ததாக வழக்கு. ஆயுதத்துக்கான ஆவணம் கம்பெனி பார்க்கவேண்டிய விஷயம். ஜெயிலுக்குப் போனது கப்பலில் இருந்தவர்கள். சம்பளம் வரவில்லை என்று குடும்பங்கள் புகார் சொன்னார்கள். 2016 ஜனவரியில் தூத்துக்குடி நீதிமன்றம் 5 ஆண்டு தண்டனை விதித்தது. 2017 நவம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அனைவரையும் விடுதலை செய்தது. நடுவில் போனது நாலு வருஷம்.

கையெழுத்துப் போடும் முன்னாடி

'ஓனர் வேற, நாங்க வேற' என்று மேனேஜர் கைகழுவ முடியுமா? அவ்வளவு சுலபமா முடியாது. மாலுமிகளின் உரிமைக்கான 2006 கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, 'கப்பல் உரிமையாளர்' என்ற சொல்லுக்குள் பொறுப்பை ஏற்றுக்கொண்ட மேனேஜரையும் சேர்த்துத்தான் வரையறுக்கிறது. ஐ.எஸ்.எம். கோடு சொல்லும் 'கம்பெனி'யும் அப்படித்தான். பத்திரம் யார் பெயரில் என்பதைவிட, நடத்தும் பொறுப்பை யார் வாங்கிக்கொண்டார் என்பதே கேள்வி. இந்தியா 2015-ல் இந்த உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது.

அதனால் வேலை ஒப்பந்தத்தில் முதலில் பார்க்கவேண்டியது சம்பளக் கட்டம் இல்லை. 'ஷிப் ஓனர்' என்ற இடத்தில் யார் பெயர், எந்த முகவரி என்பதுதான். அடுத்தது, ஆள் எடுக்கும் ஏஜென்சிக்கு ஆர்.பி.எஸ்.எல். உரிமம் இருக்கா? கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் இணையதளத்தில் உரிமம் பெற்றவர்கள் பட்டியல் இருக்கு, போனிலேயே பார்த்துவிடலாம். வேலை வாங்கித் தர மாலுமியிடம் காசு வாங்க ஏஜென்சிக்கு அனுமதி கிடையாது. "ரெண்டு லட்சம் கட்டினா அடுத்த வாரம் ஜாயினிங்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துவிடலாம்.

இது சும்மா பயமுறுத்தும் பேச்சு இல்லை. சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனத்தின் கணக்குப்படி 2024-ல் உலகம் முழுக்க 312 கப்பல்களில் 3,133 மாலுமிகள் கைவிடப்பட்டார்கள். எந்த நாட்டுக்காரர்கள் அதிகம் என்று பார்த்தால், இந்தியர்கள் 899 பேருடன் முதலிடம்.

ரெண்டு மாசம் சம்பளம் வராவிட்டாலே அது 'கைவிடல்' கணக்கில் வரும். அப்படி ஆனால் 4 மாதச் சம்பளம் வரைக்கும், ஊர் திரும்பும் செலவும் காப்பீட்டில் இருந்து கிடைக்கணும் என்பது 2017 ஜனவரியில் இருந்து இருக்கும் விதி. அந்தக் காப்பீட்டுச் சான்று கப்பலில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டியிருக்கணும். கப்பலில் ஏறிய முதல் நாளே அதை ஒரு போட்டோ எடுத்து வீட்டு வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிடலாம், பக்கத்தில் இருக்கும் டி.பி.ஏ. நம்பரையும் சேர்த்து.