கடல்நீர்க் குழாய்க்குள் வழுவழுப்பு

கடல்நீரில் இறக்கிய பொருள் இரும்போ மரமோ பிளாஸ்டிக்கோ, சில மணி நேரத்தில் அதில் பாக்டீரியாக்கள் ஒட்டிவிடும். ஒட்டியவை சர்க்கரைத் தொடர்களும் புரதமும் டிஎன்ஏவும் கலந்த பசையைச் சுரந்து அதற்குள்ளேயே பெருகும். கையில் வழுவழுவென்று தட்டுப்படும் இந்தப் பூச்சே பயோஃபிலிம், அதாவது நுண்ணுயிர்ப் படலம். சென்னை காசிமேட்டுப் படகுகளின் அடியில் கொட்டலசு பிடிப்பதற்கும் பெரும்பாலும் இதுவே முன்னோடி. கொட்டலசு, பச்சைச் சிப்பி போன்றவற்றின் இளம் உயிரிகள் படலத்தின் வேதிக் குறிப்பை உணர்ந்து இடம் தேடுகின்றன.

வடசென்னைக் கரையில் இது பெருஞ்செலவு வைக்கும் சங்கதி. வடசென்னை அனல்மின் நிலையம் நீராவியைக் குளிர்விக்கக் கடல்நீரை இழுக்கிறது. குளிர்விக்கும் குழாய்களில் மெல்லிய படலம் படிந்தாலே வெப்பம் கடப்பது குறையும், அதே மின்சாரத்துக்குக் கூடுதல் நிலக்கரி எரியும். காட்டுப்பள்ளியில் 2010-இல் திறக்கப்பட்ட, கடல்நீரைக் குடிநீராக்கும் மீஞ்சூர் ஆலை, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தருமாறு அமைக்கப்பட்டது. இவ்வகை ஆலைகளில் உப்பைப் பிரிக்கும் சவ்வின் மேல் படலம் படிந்தால் நீரைத் தள்ள அழுத்தத்தைக் கூட்ட வேண்டியிருக்கும்.

வழக்கமான மருந்து குளோரின். ஆனால் அது பசையின் மேலடுக்கோடு வினைபுரிந்தே பெருமளவு தீர்ந்துபோகிறது, அடியில் இருக்கும் செல்கள் பிழைத்துக்கொள்கின்றன. உப்பைப் பிரிக்கும் பாலிஅமைடு சவ்வுகளுக்கோ குளோரினே ஆகாது. அதனால் நீர் சவ்வை அடையும் முன் குளோரினை வேதிமுறையில் நீக்கிவிடுகிறார்கள். அதற்குள் குளோரின் நீரிலுள்ள பெரிய கரிமப் பொருள்களைச் சிறு துண்டுகளாக உடைத்திருக்கும். தப்பி வந்த பாக்டீரியாக்களுக்கு அதுவே தீனி.

ஆகவே கொல்வதை விடக் கலைப்பதே நல்ல வழி என்ற எண்ணம் வலுப்பெற்றது. படலத்துப் பாக்டீரியாக்கள் உணவு குறைந்தாலோ ஆக்சிஜன் அளவு மாறினாலோ பசையைக் கரைத்துக்கொண்டு தாமாகவே வெளியேறுவதுண்டு. ஒட்டியிருப்பதா, நீந்துவதா என்பதைப் பல இனங்களில் தீர்மானிப்பது செல்லுக்குள் இருக்கும் சைக்ளிக் டை-ஜிஎம்பி என்ற சிறு மூலக்கூறு. அதன் அளவு ஏறினால் பசை சுரக்கும், இறங்கினால் செல் நீந்தக் கிளம்பும். நைட்ரிக் ஆக்சைடு மிக நுண்ணிய அளவில் பட்டாலே சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியாவின் படலம் கலைவதை நிக்கோலா பரோ குழுவினர் சிட்னியில் கண்டு 2006-இல் வெளியிட்டனர். நச்சாகும் அளவுக்கு வெகு கீழேயே இது நடந்தது. கிளம்பிய செல்களைக் கிருமிநாசினி எளிதில் வீழ்த்தியது என்பதே இதில் பெரிய செய்தி.

தமிழ்நாட்டில் இத்துறைக்கு அழுத்தமான அடித்தளம் உண்டு. கல்பாக்கத்தில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் நீர், நீராவி வேதியியல் பிரிவு, அணுமின் நிலையத்தின் கடல்நீர்ப் பாதையில் படியும் படலங்களையும் சிப்பிகளையும் நெடுங்காலமாக ஆராய்கிறது. காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் கருத்தபாண்டியன் குழு, மன்னார் வளைகுடாப் பவளங்களில் வாழும் பாக்டீரியாக்களிலிருந்து படலத்தைத் தடுக்கும் பொருள்களைத் தேடியது. அப்பொருள்களை அவர்கள் சோதித்துப் பார்த்த கிருமிகளுள் ஒன்று தொண்டைப்புண் உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ்.

ஆய்வகத் தட்டிலிருந்து ஆலைக் குழாய்க்கு வருவது எளிதல்ல. நைட்ரிக் ஆக்சைடு வெகு விரைவில் சிதையும் வாயு. கலைந்த செல்கள் குழாயின் அடுத்த வளைவிலேயே மறுபடி ஒட்டக்கூடும். முதலில் கலைத்து, உடனே சிறிதளவு குளோரின் செலுத்துவதே நடைமுறைக்கு உகந்த வழியாகத் தெரிகிறது. கடல்நீரில் சேரும் குளோரின் அங்குள்ள புரோமைடுடன் வினைபுரிந்து புரோமோஃபார்ம் போன்ற சேர்மங்களை உண்டாக்கும். ஆகவே அந்த அனல்மின் நிலையத்தை ஒட்டிய எண்ணூர்க் கழிமுகத்தில் இறாலும் நண்டும் பிடித்துப் பிழைப்போருக்குக் குளோரின் அளவு குறைவது ஆலைக்கு மிச்சமாகும் செலவை விடப் பெரிய காரியம்.