நோயாளி இப்போது யார் பொறுப்பில்?

அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்து வார்டுக்கு நோயாளியை மாற்றும்போது ஏற்படும் தவறுகள் பற்றி அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பதிலளித்த 139 மருத்துவப் பணியாளர்களில் 40 பேர், இந்த மாற்றத்தால் தங்கள் நோயாளி ஒருவருக்குப் பாதிப்பு நேர்ந்ததாகவோ மயிரிழையில் தப்பியதாகவோ சொன்னார்கள். தகவல் போய்ச் சேராததுதான் காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மை. பொறுப்பு எந்த நிமிடத்தில் கை மாறியது என்பது இருதரப்புக்கும் தெரியாமல் போவதே பெரிய ஓட்டை. வார்டில் படுக்கை காலியில்லை என்றால், அட்மிஷன் போட்ட நோயாளி மணிக்கணக்கில் அவசரப் பிரிவிலேயே கிடப்பார். அந்த நேரத்தில் வரும் ரத்தப் பரிசோதனை முடிவை யார் பார்ப்பது? வார்டு மருத்துவர் பார்ப்பார் என்று அவசரப் பிரிவு மருத்துவரும், நோயாளி இன்னும் அங்கேதானே இருக்கிறார் என்று வார்டு மருத்துவரும் இருந்துவிட முடியும்.

இரு பிரிவுகளின் சிந்தனையும் வேறு. உயிருக்கு உடனடி ஆபத்து எது என்பதே அவசரப் பிரிவின் முதல் கேள்வி. நோய் என்ன, நாளை என்ன செய்வது என்று வார்டு கேட்கிறது. அதனால் அங்கே 'நிமோனியாவாக இருக்கலாம்' என்று சொன்னது, இங்கே வந்ததும் 'நிமோனியா' என்று உறுதியாகிவிடுகிறது. சந்தேகம் வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. பிறகு வேறு நோயைத் தேடுபவர் இல்லை.

இதற்கு மருந்தாக முன்வைக்கப்படும் முறைகளில் 'ஐ-பாஸ்' முக்கியமானது. நோயின் தீவிரம், நோயாளி பற்றிய சுருக்கம், செய்ய வேண்டியவை, நிலைமை மாறினால் என்ன செய்வது ஆகியவற்றைச் சொன்ன பிறகு, கேட்டவர் அதைத் தன் வாயால் திரும்பச் சொல்ல வேண்டும். ஒன்பது மருத்துவமனைகளின் குழந்தை மருத்துவப் பிரிவுகளில் 10,740 அட்மிஷன்களை ஆராய்ந்து 2014இல் வெளியான முடிவு: இந்த முறை வந்த பிறகு மருத்துவத் தவறுகள் 23 சதவீதமும் தடுக்கக்கூடிய பாதிப்புகள் 30 சதவீதமும் குறைந்தன. நெரிசலில் இதற்கெல்லாம் நேரமேது என்பவர்களுக்கு அதே ஆய்வில் பதில் இருக்கிறது: ஒப்படைப்புக்கு ஆன நேரம் குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை.

இன்னொரு ஆட்சேபம் வலுவானது. அந்த ஆய்வு, ஒரே துறையில் ஷிஃப்ட் மாறும் பயிற்சி மருத்துவர்களைப் பற்றியது, முன்-பின் ஒப்பீடுதான். இரு துறைகளுக்கிடையே அதே எண்கள் கிடைக்கும் என்று யாரும் உறுதி கூற முடியாது. ஆனால் திரும்பச் சொல்லும் அந்தக் கடைசிப் படி, அறிமுகமில்லாத இருவர் பேசும் இடத்தில்தான் அதிகம் தேவைப்படுகிறது. கணினியில் எல்லாம் பதிவாகியிருக்கிறதே என்பது சரியான வாதமாகாது: பதிவு கேள்வி கேட்காது, பொறுப்பையும் ஏற்காது. அச்சிட்ட படிவத்தை நிரப்பிக் கையெழுத்திடுவதோடு நின்றால் இந்த முறையும் வெறும் சடங்குதான்.

மருத்துவமனை நிர்வாகங்கள் முதலில் எழுதிவைக்க வேண்டியது ஒரே விதி: வார்டு மருத்துவர் 'நான் ஏற்கிறேன்' என்று சொல்லும்வரை நோயாளி அவசரப் பிரிவு மருத்துவரின் பொறுப்பு, சொன்ன நொடியிலிருந்து படுக்கை எங்கிருந்தாலும் வார்டின் பொறுப்பு. உங்கள் வீட்டார் அப்படிக் காத்திருக்க நேர்ந்தால், இப்போது பார்க்கும் டாக்டர் யார் என்று தயங்காமல் கேளுங்கள்.