அண்டார்டிகா கதையை ஒரகடத்திலும் சொல்லுங்கள், விஞ்ஞானிகளே!

ஒரகடம் சாலையோரம் பத்து நிமிடம் நின்றால் போதும், கன்டெய்னர் லாரிகள் வரிசையாகக் கடந்துபோகும். அதேபோன்ற 134 கன்டெய்னர்களை அடுக்கி இணைத்து, வெளியே ஓர் உறை போட்டு மூடினால் என்ன கிடைக்கும்? அண்டார்டிகாவில் இருக்கும் இந்தியாவின் ‘பாரதி’ ஆய்வு நிலையம் கிடைக்கும்! 2012-ல் செயல்பாட்டுக்கு வந்த அந்தக் கட்டடத்தின் எலும்புக்கூடே கன்டெய்னர்கள்தான்.

தினமும் கன்டெய்னர்களுக்கு நடுவே வேலைக்குப் போய்வரும் நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

1982 ஜனவரியில், டாக்டர் எஸ்.இசட்.காசிம் தலைமையில் 21 பேர் கொண்ட முதல் இந்தியக் குழு அண்டார்டிகாவில் இறங்கியது. பிறகு அங்கே ‘தட்சிண கங்கோத்ரி’, ‘மைத்ரி’, ‘பாரதி’ என்று நிலையங்கள் வந்தன. வட துருவப் பக்கம், நார்வேயின் ஸ்வால்பார்டில் 2008-ல் ‘ஹிமாத்ரி’ திறக்கப்பட்டது. நாற்பது வருடங்களுக்கும் மேலாக நம் வரிப்பணத்தில் நடக்கும் ஆராய்ச்சி இது. அதன் முடிவுகளில் பெரும்பாலானவை ஆங்கில ஆய்விதழ்களோடு நின்றுவிடுகின்றன. அவை நம் வீட்டுக்கும் வந்துசேர வேண்டும். ஏன் என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது.

ஏ.சி கேஸை மாற்றிய பனிக்கண்டம்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் கார் தயாராகிறது, ஃபிரிட்ஜ் தயாராகிறது. இரண்டிலும் குளிரூட்டும் வாயு நிரப்ப வேண்டும். ஒரு காலத்தில் கார் ஏ.சி-க்கு நிரப்பியது ஆர்-12 என்ற சி.எஃப்.சி வாயு. அதை ஓரங்கட்டிவிட்டு ஆர்-134ஏ வந்ததற்குப் பின்னால் இருப்பது, அண்டார்டிகாவில் கிடைத்த ஓர் அதிர்ச்சித் தகவல்.

1985-ல் ஜோசப் ஃபார்மன், பிரையன் கார்டினர், ஜொனாதன் ஷாங்க்ளின் என்ற மூன்று பிரிட்டிஷ் விஞ்ஞானிகள், அண்டார்டிகாவின் வானில் ஓசோன் கடுமையாகக் குறைந்துவருவதை அறிவித்தார்கள். சி.எஃப்.சி உலகம் முழுக்க வெளியானது, பாதிப்பு மட்டும் ஏன் அங்கே அவ்வளவு அதிகம்? அங்குள்ள கடுங்குளிரில் மிக உயரத்தில் பனி மேகங்கள் உருவாகின்றன. சி.எஃப்.சி-யிலிருந்து வந்த குளோரின், அந்த மேகங்களின் மேற்பரப்பில் தீவிரமான வடிவத்துக்கு மாறுகிறது. குளிர்காலம் முடிந்து வெயில் பட்டதும், அது ஓசோனைத் தின்னத் தொடங்குகிறது.

இதையெல்லாம் விளக்க நேரமாகும். ஆனால், ‘ஓசோன் ஓட்டை’ என்ற இரண்டே வார்த்தைகள் உலகம் முழுக்கப் பரவின. உண்மையில் அது ஓட்டை அல்ல, படலம் மெலிந்துபோன பகுதி. இருந்தாலும் விஷயம் மக்களுக்குப் புரிந்தது, அரசுகளுக்கு அழுத்தம் கூடியது. 1987 செப்டம்பர் 16-ல் மான்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது. இரண்டே வருடம்!

கதை அங்கே முடியவில்லை. ஆர்-134ஏ ஓசோனைக் கெடுக்காது. ஆனால் அது, அதே அளவு கார்பன் டை ஆக்ஸைடைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும். அதனால் இந்த வகை வாயுக்களையும் படிப்படியாகக் குறைக்க 2016-ல் ருவாண்டாவின் கிகாலி நகரில் உடன்பாடு ஏற்பட்டது. 2021-ல் இந்தியாவும் அதை ஏற்றது. ஆக, நம் பிள்ளைகள் வேலைக்குச் சேரும்போது அசெம்ப்ளி லைனில் வேறு வாயு இருக்கலாம். அந்த மாற்றம் ஏன் என்று அவர்களுக்கு இப்போதே தெரிய வேண்டாமா?

பள்ளிக்கரணையிலிருந்து ஆர்க்டிக்குக்கு

துருவ ஆராய்ச்சி என்றால் எங்கோ நடப்பது என்று நினைக்க வேண்டாம். பள்ளிக்கரணையில் இருக்கிறது தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம். ஒரகடத்திலிருந்து பஸ்ஸில் போய்விடலாம். அங்குள்ள பொறியாளர்கள் வடிவமைத்த ‘இண்ட்ஆர்க்’ என்ற கருவித் தொகுப்பை, 2014 ஜூலையில் ஸ்வால்பார்டின் காங்ஸ்ஃபியோர்டன் கடல் பகுதியில் 192 மீட்டர் ஆழத்தில் நிறுவினார்கள். வட துருவத்துக்கும் அந்த இடத்துக்கும் சுமார் 1,200 கிலோமீட்டர்தான். மேலே பனி மூடும் குளிர்காலத்திலும், தண்ணீரின் வெப்பம், உப்பின் அளவு, நீரோட்டம் ஆகியவற்றை அது பதிவுசெய்யும்.

எதற்காக இந்தப் பாடு? ஆர்க்டிக்கில் நடக்கும் மாற்றங்களுக்கும் நம் பருவமழைக்கும் உள்ள தொடர்பைப் புரிந்துகொள்வது முக்கிய நோக்கங்களில் ஒன்று. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியையும் அடையாற்றையும் பார்த்துப் பதறியவர்கள் நாம். மழை பற்றிய எந்த ஆராய்ச்சியும் நமக்கு அந்நியமில்லை.

வெல்டருக்கும் அங்கே வேலை உண்டு

சொல்லப்படாத இன்னொரு விஷயம். அண்டார்டிகாவுக்கு விஞ்ஞானிகள் மட்டும் போவதில்லை. ஜெனரேட்டர் ஓட வேண்டும், பனியில் ஓடும் வண்டி பழுதானால் சரிசெய்ய வேண்டும், சமைக்க வேண்டும், வைத்தியம் பார்க்க வேண்டும். அதனால் கோவாவில் உள்ள தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையம், மெக்கானிக், எலெக்ட்ரீஷியன், வெல்டர், சமையல்காரர் போன்றவர்களையும் ஒப்பந்த முறையில் தேர்வுசெய்து அனுப்புகிறது. ஐ.டி.ஐ-யும் டிப்ளோமாவும் படித்த இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும் வட்டாரம் இது. அவர்களிடம் இதை யார் சொன்னது?

சொன்னவர்கள் இருக்கிறார்கள்

1983-84 பயணத்தில் அண்டார்டிகாவுக்குப் போன முதல் இந்தியப் பெண்கள் சுதீப்தா சென்குப்தா, அதிதி பந்த். இவர்களில் நிலவியல் அறிஞரான சுதீப்தா, தன் அனுபவத்தைத் தாய்மொழியான வங்காளத்தில் புத்தகமாகவே எழுதினார். இஸ்ரோ விஞ்ஞானி மங்களா மணி, 23 பேர் குழுவில் ஒரே பெண்ணாக ‘பாரதி’யில் 403 நாள்கள் இருந்துவிட்டு, 2017 டிசம்பரில் திரும்பினார். அங்கே எப்படி வாழ்ந்தார் என்பதைப் பேட்டிகளில் மனம்விட்டுச் சொன்னார். அதைப் படித்த எத்தனையோ வீடுகளில், ‘அம்மா, நானும் அங்கே போகலாமா?’ என்று மகள்கள் கேட்டிருப்பார்கள்.

எல்லா விஞ்ஞானிகளும் ஏன் இப்படிப் பேசுவதில்லை? பதவி உயர்வுக்குக் கணக்கில் வருவது ஆய்வுக் கட்டுரைகள்தான், பள்ளிக்கூடத்தில் பேசிய பேச்சு அல்ல. சொன்னது தவறாக வெளிவந்துவிடுமோ என்ற பயமும் உண்டு. இரண்டும் நியாயமானவையே. அதனால் விஞ்ஞானிகளைக் குறை சொல்வதைவிட, அவர்களை ஊக்குவிப்பதே பயன் தரும்.

வருடத்துக்கு 10 நாள்

அதற்கு வழியும் இருக்கிறது. விஞ்ஞானிகளின் சமூகப் பொறுப்பு பற்றி, மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை 2022 மே மாதம் வழிகாட்டுதல் வெளியிட்டது. அறிவுத் துறையில் இருப்பவர்கள், தங்கள் அறிவைச் சமூகத்தோடு பகிர்ந்துகொள்ள வருடத்துக்குக் குறைந்தது 10 நாள்களாவது ஒதுக்க வேண்டும் என்கிறது அது. அந்த 10-ல் ஒரு நாளை நம் பக்கம் திருப்புவது நம் கையில் இருக்கிறது.

செப்டம்பர் 16 உலக ஓசோன் தினம். டிசம்பர் 1 அண்டார்டிகா தினம். 1959-ல் அண்டார்டிகா ஒப்பந்தம் கையெழுத்தான நாள் அது. இந்த நாள்களில் பள்ளி, ஐ.டி.ஐ, தொழிற்சாலை என எங்கிருந்தும் கோவாவுக்கோ பள்ளிக்கரணைக்கோ ஒரு மெயில் அனுப்பலாம். நேரில் வர முடியாவிட்டால் வீடியோ காலில் பேசச் சொல்லலாம். ‘தமிழில் பேசுங்கள்’ என்று கேட்க மறக்க வேண்டாம்.

ஸ்ரீபெரும்புதூர், ராமாநுஜர் பிறந்த ஊர். குருவிடம் 18 முறை நடந்து பெற்ற ரகசிய மந்திரத்தை, திருக்கோஷ்டியூர் கோபுரத்தில் ஏறி ஊருக்கே சொன்னவர் அவர் என்கிறது வைணவ மரபு. துருவ ஆராய்ச்சியில் ரகசியம்கூட இல்லை. எல்லோருக்கும் கேட்கும்படி ஒருவர் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். கேட்பதற்கு நாங்கள் தயார்!