புத்தகம் எங்கே?

சென்ற மாதம் ஒரு நாள் மாலை என் சிநேகிதி ஒருத்தியின் வீட்டுக்குப் போயிருந்தேன். 'இண்டர்நேஷனல்' என்ற சொல்லைப் பெயர்ப் பலகையில் தாங்கிய சென்னைப் பள்ளிக்கூடம் ஒன்றில் அவள் மகள் ஏழாவது வகுப்புப் படிக்கிறாள். காப்பி வந்தது, கூடவே ஒரு புகாரும் வந்தது.

"நீயே பார்! இதுவும் ஒரு வீட்டுப் பாடமா?" என்று ஒரு தாளை நீட்டினாள்.

'உன் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? ஐம்பது வருஷங்களுக்கு முன் எங்கிருந்து வந்தது? மாறியதற்குக் காரணம் என்ன? யாரிடமிருந்து தெரிந்து கொண்டாய் என்பதையும் எழுது.' தாளில் இருந்தது இவ்வளவுதான்.

"புத்தகம் எங்கேடி என்று கேட்டால், இதற்குப் புத்தகமே கிடையாது என்கிறாள். ஐந்தாவது வரைக்கும் பக்கத்தில் உட்கார வைத்து நான்தான் ஒப்பிக்கச் சொல்லுவேன். இனிமேல் எனக்கு இங்கே என்ன வேலை?"

கடைசிக் கேள்வியைக் கேட்கும்போது அவள் குரல் இறங்கிவிட்டது. இந்தக் கேள்வி உங்கள் வீட்டிலும் எழுந்திருக்கலாம். ஆகவே, இந்தப் புதுப் படிப்பின் பூர்வோத்தரத்தைச் சற்று விசாரிப்போம், வாருங்கள்.

முதலில் ஒரு எச்சரிக்கை. பலகையில் 'இண்டர்நேஷனல்' என்று இருப்பதாலேயே பாடத் திட்டமும் அப்படி என்று எண்ணிவிடக் கூடாது. சில பள்ளிகளில் சி.பி.எஸ்.இ. பாடமே நடக்கிறது, சிலவற்றில் கேம்பிரிட்ஜ் திட்டம், வேறு சிலவற்றில் ஐ.பி. எனப்படும் 'இண்டர்நேஷனல் பாக்கலோரியட்'. என் சிநேகிதியின் மகள் படிப்பது இந்தக் கடைசி வகை.

இதன் பிறந்தகம் ஸ்விட்ஸர்லாந்தில் உள்ள ஜெனீவா நகரம். சர்வதேச சங்கத்திலும் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்திலும் வேலை பார்க்கப் பல நாட்டார் அங்கே வந்து குடியேறினார்கள். அவர்களுடைய குழந்தைகளுக்காக 1924-ல் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். பல தேசத்துப் பிள்ளைகள் ஒரே பெஞ்சியில் உட்கார்ந்தால் எந்த நாட்டுச் சரித்திரத்தைச் சொல்லிக் கொடுப்பது? எந்த நாட்டுப் பரீட்சைக்குத் தயார் செய்வது? பல வருஷ காலம் உபாத்தியாயர்கள் இந்தச் சிக்கலோடு மல்லாடினார்கள். கடைசியில், பல நாட்டுச் சர்வகலாசாலைகளும் ஒப்புக் கொள்ளக் கூடிய ஒரே பரீட்சை வேண்டும் என்று 1968-ல் ஐ.பி. ஸ்தாபனம் ஜெனீவாவில் உருவாயிற்று. அமெரிக்க மிஷனரிகளின் குழந்தைகளுக்காக 1901-ல் நம் கோடைக்கானலில் ஏற்பட்ட பள்ளிக்கூடம், 1976-ல் இந்தத் திட்டத்தை ஏற்றுக் கொண்டது. இந்தியாவில் முதலில் ஏற்றது அதுதான்.

பதினொன்று முதல் பதினாறு வயது வரையிலான பிள்ளைகளுக்குரிய நடுநிலைத் திட்டம் 1994-ல் வந்தது. இதில் எட்டுப் பிரிவுகள்: மொழியும் இலக்கியமும், இன்னொரு மொழி, கணிதம், விஞ்ஞானம், சமூகப் பாடம், கலைகள், உடற்பயிற்சியும் ஆரோக்கியமும், பொருள்களை வடிவமைத்தல். ஒவ்வொன்றையும் நான்கு அளவுகோல்களால் அளக்கிறார்கள்; ஒவ்வொரு அளவுகோலுக்கும் உச்சம் 8, மொத்தம் 32. விஷயம் தெரிந்திருப்பது ஓர் அளவுகோல்தான். தேடியது எப்படி, யோசித்தது எப்படி, எடுத்துச் சொன்னது எப்படி என்பவற்றுக்கும் மதிப்பு உண்டு. நூற்றுக்கு எத்தனை என்று கேட்டே பழகிய நமக்கு இந்தக் கணக்குத் தலையைச் சுற்றத்தான் செய்யும்!

பாடங்களோடு ஐந்து திறமைகளையும் பழக்குகிறார்கள்: சிந்தித்தல், எடுத்துச் சொல்லுதல், பிறரோடு இசைந்து வேலை செய்தல், தன் வேலையைத் தானே ஒழுங்குபடுத்திக் கொள்ளுதல், தேடி அறிதல். தண்ணீர்க் கேள்வியை மறுபடி பாருங்கள். ஐந்துக்கும் அதில் இடம் இருக்கிறதல்லவா?

"அப்படியானால் மனப்பாடமே வேண்டாமா?" என்று நீங்கள் கேட்கலாம். வேண்டாமென்று யார் சொன்னது? ஞாபகத்தில் ஒன்றும் இல்லாதவன் எதை வைத்துச் சிந்திப்பான்? நினைவில் நிறுத்தும் வழியில்தான் சூட்சுமம் இருக்கிறது. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து ஆராய்ச்சியாளர் இருவர் 2006-ல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பகுதி மாணவர்கள் ஒரு பாடத்தை இரண்டு முறை படித்தார்கள். மற்றப் பகுதியினர் ஒரு முறை படித்து, பிறகு பாடத்தைப் பாராமல் நினைவுபடுத்தி எழுதினார்கள். ஐந்து நிமிஷம் கழித்துப் பரீட்சை வைத்தபோது இரு முறை படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அவர்கள் நினைவில் நின்றது 42 சதவிகிதம். நினைவுபடுத்தி எழுதியவர்களுக்கு 56 சதவிகிதம்! பார்த்தீர்களா, புத்தகத்தை மூடிக் கேள்வி கேட்ட நம் பாட்டிமார்கள் அப்படியொன்றும் தவறு செய்துவிடவில்லை.

வீட்டுப் பாடம் எவ்வளவு நேரம் இருக்கலாம்? இதை நெடுங்காலம் ஆராய்ந்த ஹாரிஸ் கூப்பர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் ஒரு சுலபமான கணக்கை ஆதரிக்கிறார்: வகுப்புக்குப் பத்து நிமிஷம். ஏழாம் வகுப்புக்கு எழுபது நிமிஷம். சிறு குழந்தைகளுக்கு வீட்டுப் பாடத்தால் பலன் சொற்பம். உயர் வகுப்புகளில்தான் பலன் தெரிகிறது. அங்கும் அளவு மீறினால் பயன் கூடுவதில்லை என்பது அவர் கண்ட முடிவு. இரவு பதினோரு மணிக்கு அட்டையில் படம் ஒட்டிக் கொண்டிருக்கும் தாய்மார்கள் இதைக் கவனிக்கட்டும். அம்மா செய்து கொடுத்த வேலைக்கு வரும் பாராட்டு அம்மாவுக்கே உரியது; குழந்தைக்கு அதில் பங்கு இல்லை.

இந்தப் படிப்பில் குறையே கிடையாதா? உண்டு. சம்பளத் தொகையைக் கேட்டால் பல குடும்பங்கள் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். பிளஸ் டூவுக்குச் சமமான ஐ.பி. டிப்ளமாவை இந்தியச் சர்வகலாசாலைகளும் ஏற்கின்றன என்பது வாஸ்தவம். ஆனால் மருத்துவம், எஞ்சினீயரிங் நுழைவுத் தேர்வுகள் வேறு பாடத் திட்டத்தை ஒட்டி நடக்கின்றன. அந்த வழியில் போக ஆசைப்படும் பிள்ளை இரட்டைச் சுமை சுமக்க நேரும். சேர்ப்பதற்கு முன்பே யோசிக்க வேண்டிய சங்கதி இது.

இன்னொன்று, தாய்மொழி. தாய்மொழியை விட்டுவிடக் கூடாது என்பது இந்தத் திட்டத்தின் கொள்கை. ஆனாலும் வகுப்பில் ஆங்கிலம், விளையாட்டில் ஆங்கிலம் என்று ஆகிவிட்டால், வீட்டைத் தவிரத் தமிழுக்கு வேறு போக்கிடம் ஏது?

என் சிநேகிதியின் வீட்டுக்குத் திரும்புவோம். நான் புறப்படும் சமயம் அந்தப் பெண் நோட்டும் பென்சிலுமாகப் பாட்டியின் எதிரே உட்கார்ந்திருந்தாள். கொல்லைக் கிணற்றையும் ராட்டினத்தையும் பற்றிப் பாட்டி சொல்லச் சொல்ல எழுதிக் கொண்டாள். 'ராட்டினம்' என்றால் என்ன என்று நடுவில் ஒரு கேள்வி. பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"அம்மா, 2019-ல் ஏரியெல்லாம் வற்றிப் போச்சே, அப்போ நாம என்ன பண்ணினோம்? எனக்குச் சரியா ஞாபகம் இல்லை."

என் சிநேகிதி ஒரு கணம் பேசாமல் இருந்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக் கொண்டு உட்கார்ந்தாள். லாரிக்கு விழித்திருந்த இரவுகள், வரிசையில் வைத்த குடங்கள், அரிசி களைந்த நீரைச் செடிக்கு ஊற்றியது எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன.

நான் செருப்பை மாட்டிக் கொண்டு எட்டிப் பார்த்தேன். 'யாரிடமிருந்து தெரிந்து கொண்டேன்' என்ற தலைப்பின் கீழ் இரண்டு வரிகள் இருந்தன.

ஒன்று, பாட்டி. இரண்டு, அம்மா.

புத்தகம் எங்கே என்று அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை.