கொலுப் படிக்குக் கீழே ஒரு வயல்

கொலுவில் படிகள் முடிந்து தரை தொடங்கும் இடத்தில் அமைவது பார்க். மணல் பரப்பி, மலை எழுப்பி, குளம் வைத்து, புல் முளைக்கச் செய்து, அதற்குள் விரல் உயர மனிதர்களையும் மாடுகளையும் நிறுத்துவார்கள். படிகளில் எந்தப் பொம்மை எங்கே என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்வார்கள். பார்க் மட்டும் பெரும்பாலும் பிள்ளைகள் கையில் விடப்படும். அதனாலேயே அது விளையாட்டு வேலையாகக் கருதப்பட்டு, அதன் நுட்பங்கள் எழுதப்படாமல் கிடக்கின்றன. சிறு உருவத்துக்கு வண்ணம் தீட்டுவதும், அந்த உருவம் நிற்பதற்கேற்ற நிலத்தைச் செய்வதும் தனித்தனிக் கலைகள். இரண்டும் சேருமிடம் இந்தப் பார்க்.

மேல்நாடுகளில் இவை இரண்டும் சேர்ந்தது மேசைப் போர் விளையாட்டில். ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடும் போருக்கு விதிகள் வகுத்து ‘லிட்டில் வார்ஸ்’ என்ற புத்தகத்தை 1913-இல் வெளியிட்டார். 1983-இல் இங்கிலாந்தில் வெளிவந்த ‘வார்ஹேமர்’ அந்த விளையாட்டைப் பூதங்களும் மந்திரவாதிகளும் நிறைந்த கற்பனை உலகத்துக்குக் கொண்டுபோனது. இன்று அதில் வழக்கமான மனித உருவத்தின் உயரம் சுமார் 28 மில்லிமீட்டர். அந்த அளவு உருவத்தின் கண்ணுக்குக் கருவிழி வைக்க மாதக்கணக்கில் பழகுகிறவர்கள் உண்டு.

கொலுப் பார்க்கின் மனிதர்கள் இன்னும் கொஞ்சம் பெரியவர்கள். செட்டியார் கடை, கல்யாண ஊர்வலம், குறவன் குறத்தி போன்ற சிறிய செட்டுகளில் ஒரு பொம்மை மூன்று, மூன்றரை அங்குலம் இருக்கும். அப்படியானால் அந்த உலகம் நம் உலகத்தில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. இந்தக் கணக்கைக் கடைசிவரை கொண்டுபோனால் விபரீதம். அறுபதடித் தென்னை மூன்றடி நிற்க வேண்டும். சுமார் 216 அடி உயரத் தஞ்சைப் பெரிய கோயில் விமானம் பதினோரு அடி ஆகி உத்தரத்தைத் தொடும். எனவே பார்க் அமைப்பவர்கள் மனிதனுக்கு ஓர் அளவும் மரத்துக்கு ஓர் அளவும் கோயிலுக்கு ஓர் அளவுமாக வைக்கிறார்கள். பெரியதைப் பின்னால் தள்ளிச் சிறிதாக வைத்தால், தூரத்தில் இருப்பதாகக் கண் எடுத்துக்கொள்ளும். சாண் உயரக் கோபுரத்தைச் செட்டியாருக்குப் பக்கத்தில் நிறுத்தினால்தான் குட்டு வெளிப்படும்.

பொம்மை செய்யும் முறை பண்ருட்டியானாலும், காஞ்சிபுரமானாலும், மதுரையை அடுத்த விளாச்சேரியானாலும் அடிப்படையில் ஒன்றே. முன்பாதி, பின்பாதி என இரண்டு அச்சுகளில் பிசைந்த களிமண்ணை அழுத்தி, இரண்டையும் ஒட்டி, உள்ளே கூடாக விட்டு, அடியில் ஒரு துளை வைப்பார்கள். நிழலில் உலர்ந்தபின் சூளை. களிமண்ணின் வேதிக்கட்டுக்குள் இருக்கும் நீர் 500, 600 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வெளியேறிவிடுகிறது. அதற்குப்பின் அந்த மண் தண்ணீரில் கரைந்து மறுபடி சேறாகாது. காகிதக்கூழ் பொம்மைக்குச் சூளை கிடையாது, வெயிலே போதும். எடை குறைவு, கைதவறினாலும் சுலபத்தில் உடையாது. ஈரமும் எலியும்தான் அதற்குப் பகை.

வண்ணம் தீட்டுவதில் முதல் பூச்சு வெள்ளை. சுட்ட மண்ணின் செம்மை மேலே வரும் நிறத்தை மங்கச் செய்துவிடும் என்பதால் உப்புத்தாளில் தேய்த்து, வெள்ளை அடித்து, அதன்மேல் உடல் நிறம், உடை, நகை, கடைசியில் கண் என்று வேலை நகரும். கண் எழுதாத பொம்மை எத்தனை அழகாக முடிந்திருந்தாலும் மண்ணாகவே தெரியும். இரண்டு கோடும் இரண்டு புள்ளியும் விழுந்ததும் அது யாரையோ பார்க்கத் தொடங்குகிறது.

சிறு உருவத்துக்கு வண்ணம் தீட்டுகிறவருக்கு எல்லா நாட்டிலும் ஒரே சிக்கல் உண்டு. ஆளுயரச் சிலையில் மூக்கும் மடிப்பும் தாமே நிழல் விழச் செய்யும். மூன்றங்குலப் பொம்மையில் ஒரு மடிப்பின் ஆழம் நெல்மணியின் கனம்கூட இராது. அறையின் ஜன்னலோ பொம்மையைப்போலப் பல மடங்கு பெரியது. எல்லாப் பக்கமிருந்தும் ஒளி சூழ்ந்து அந்தச் சிறு நிழலையும் கரைத்துவிடும். எனவே நிழலையும் வண்ணமாகவே தீட்ட வேண்டியிருக்கிறது. போர் விளையாட்டுக்காரர்கள் நீர்த்த கருவண்ணத்தை உருவத்தின்மேல் ஓடவிட்டுப் பள்ளங்களில் தேங்கச் செய்வார்கள். பிறகு ஏறக்குறைய உலர்ந்த பிரஷ்ஷால் மேடுகளை மட்டும் வெளிர் நிறத்தால் வருடுவார்கள். கொலுப் பொம்மைக்காரர் இதே சிக்கலுக்குக் கோட்டால் விடை கண்டிருக்கிறார். புருவம், இமைவரி, புடவைக் கரை, சரிகை, கழுத்து மணி எல்லாம் பிசிறில்லாத கோடுகள். குத்துவிளக்கு வெளிச்சத்தில் ஐந்தாறடி தள்ளிப் பார்ப்பவருக்கு மென்மையான நிழலைவிடத் தெளிவான கோடே உருவத்தைப் பிரித்துக் காட்டும். போர்ப்பொம்மையை மேலிருந்து பார்க்கிறோம், நாலா பக்கமும் திருப்புகிறோம். கொலுப் பொம்மையை முன்னிருந்து மட்டுமே பார்க்கிறோம். அதன் முதுகு பெரும்பாலும் ஒரே நிறத்தில் முடிந்துபோவது சோம்பலால் அல்ல.

இனி நிலம். மலைக்கு இரண்டு மூன்று செங்கலோ கவிழ்த்த டப்பாவோ அடிப்படை. அதன்மேல் பசையில் நனைத்துக் கசக்கிய காகிதத்தைப் போர்த்தி உலரவிட்டால் மடிப்புகளே பாறைகளாகும். இன்னும் பொருத்தமானது அடுப்புக்கரித் துண்டு. கரி உடையும்போது உண்டாகும் முகங்கள் பெரிய பாறையின் முறிவைப் போலவே இருக்கும், அளவு மட்டுமே சிறிது. குளத்துக்கு ஒரு கண்ணாடி போதும். விளிம்பு தெரியாமல் மணலை ஒழுங்கின்றித் தள்ளிவிட வேண்டும். நேர்கோட்டுக் கரையுள்ள குளம் கண்ணாடியாகவே தெரியும். மணல் பற்றி ஒரு வார்த்தை: கும்பகோணத்தை அடுத்த, குடமுருட்டிக் கரை ஊரான வலங்கைமானில் கொலுவுக்கு ஒரு கூடை மணல் வேண்டுமானால் ஆற்றில் இறங்கினால் போதும் என்றிருந்த காலம் உண்டு. கூடையால் அள்ளியதை ஆறு அடுத்த வெள்ளத்தில் நிரப்பிக்கொண்டது. இயந்திரத்தால் அள்ளியதைக் காவிரியின் எந்தக் கிளையாலும் அப்படி நிரப்ப முடியவில்லை. போன வருஷத்து மணலைச் சலித்து மூட்டை கட்டி வைத்துக்கொள்வதே இப்போது முறை.

பார்க்கின் உயிர் புல்லில் இருக்கிறது. போர் விளையாட்டு நிலங்களில் புல் என்பது சாயம் ஏற்றிய நைலான் இழை. பசை தடவிய தரைமேல் அதைத் தூவும்போது நிலைமின்னேற்றம் கொடுப்பார்கள். ஒரே வகை மின்னேற்றம் பெற்ற இழைகள் ஒன்றையொன்று விலக்கி, படுக்காமல் நிமிர்ந்து நின்று ஒட்டிக்கொள்ளும். அழகான உத்திதான். கொலுவில் அந்த வேலையை விதையே செய்துவிடுகிறது.

எந்த விதை என்பதில் இருக்கிறது திறமை. கடுகு இரண்டாம் மூன்றாம் நாளில் இதய வடிவில் இரண்டு சின்ன இலைகளை விரிக்கும். மூன்றங்குல மனிதனுக்குப் பக்கத்தில் அது தோட்டச் செடி. வெந்தயத்தின் இலை தடித்து நீண்டிருக்கும், புதருக்கு ஆகும். கேழ்வரகு ஊசிபோல் மெல்லிய இலையோடு அடர்ந்து வருவதால் புல்தரைக்கும் வயலுக்கும் அதற்கு நிகர் இல்லை. நெல் விளையும் ஊரில் நெல்லையே போட்டால் என்ன என்று தோன்றும். ஒரு வாரத்தில் நெல்முளை பொம்மை உழவனின் தலைக்கு மேல் வளர்ந்து, அவன் கரும்புத் தோட்டத்தில் சிக்கியவன்போல ஆகிவிடுவான். நெல் வயலாகத் தெரிய வேண்டுமானால் கேழ்வரகு விதைக்க வேண்டும்.

முளைப்பு முறையைக் காவிரி டெல்டாவில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாற்றங்காலுக்கு நெல்லை ஊறவைத்து, சாக்கில் கட்டி, முளை தெரிந்தபின் சேற்றில் தெளிப்பதுபோலவே கேழ்வரகையும் ஓர் இரவு ஊறவைத்துத் துணியில் கட்டி, பிறகு ஈர மண்ணில் நெருக்கமாகத் தூவலாம். கொலு வரும் புரட்டாசியில் வெளியே சம்பா, தாளடி நாற்றங்கால்கள் பச்சையாக நிற்கின்றன. உள்ளே கூடத்தில் சாண் அகலத்தில் அதே காட்சி. அமாவாசைக்கு நான்கு நாள் முன்பு தூவினால் கொலுவின் முதல் நாளில் பச்சை தெரியும். முதல் நாளே தூவினால் ஒன்பது நாளும் வளர்ச்சியைப் பார்க்கலாம்.

இங்கேதான் பல வீடுகளில் பயிர் கெடுகிறது. ஐந்தாம் நாள் முளைகள் வெளிறி, ஒல்லியாக நீண்டு, சாய்ந்துவிடும். தண்ணீர் போதவில்லை என்று மேலும் ஊற்றுவார்கள். அடி அழுகும். உண்மையில் குறைவது ஒளி. மாரியம்மன் கோயில் முளைப்பாரியை இருட்டறையில் வளர்ப்பவர்கள் இதைத் தெரிந்தே செய்கிறார்கள். ஒளி இல்லாதபோது முளை தான் இன்னும் மண்ணுக்குள் இருப்பதாகக் கொண்டு, சேமிப்பை எல்லாம் நீளுவதில் செலவிடும். பச்சையத்தின் கடைசிக் கட்டம் ஒளி பட்டால்தான் நிறைவேறும் என்பதால் இலை வெளிர்மஞ்சளாகவே நிற்கும். முளைப்பாரிக்கு அந்தப் பொன்னிற நெடுமுளைதான் வேண்டும். பார்க்குக்கு வேண்டியது குட்டைப் பச்சை. எனவே பார்க்கின் வயலைத் தட்டில் வளர்ப்பது நல்லது. பகலில் முற்றத்திலோ திண்ணையிலோ வைத்து, மாலையில் ஆட்கள் வருமுன் உள்ளே கொண்டுவந்து மணலில் பதித்துவிடலாம்.

ஜன்னல் ஓரம் வைத்த தட்டில் இன்னொன்றைக் காணலாம். அத்தனை முளையும் ஒரே பக்கமாக, காற்றடித்ததுபோல் ஜன்னலை நோக்கி வளைந்திருக்கும். சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் இதை ஆராய்ந்து 1880-இல் புத்தகம் வெளியிட்டார்கள். புல் முளையின் நுனிக்கு ஒளி புகாத குல்லாய் போட்டால் முளை வளைவதில்லை என்று கண்டார்கள். ஒளியை உணர்வது நுனி, வளைவது அதற்குக் கீழே. நுனியிலிருந்து ஏதோ ஒரு செய்தி இறங்க வேண்டும். அந்தச் செய்தியைச் சுமக்கும் பொருளை ஹாலந்து அறிஞர் பிரிட்ஸ் வென்ட் 1920-களில் ஓட்ஸ் முளையிலிருந்து பிரித்துக் காட்டினார். அதன் பெயர் ஆக்சின். ஒளி படாத பக்கத்தில் அது மிகுந்து அங்கே செல்கள் அதிகம் நீளுவதால் முளை ஒளிப்பக்கம் சாய்கிறது. இந்தச் சாய்வைத் தூண்டுவது பெரும்பாலும் நீல ஒளி. எண்ணெய் விளக்கின் மஞ்சள் சுடரில் நீலம் மிகக் குறைவு என்பதால் குத்துவிளக்கை முளைகள் ஏறக்குறைய சட்டை செய்வதில்லை. நீல சீரியல் விளக்கு பக்கத்தில் இருந்தால் அதை நோக்கித் திரும்பும். தட்டைத் தினம் கால்வட்டம் திருப்பினால் வயல் நேராக நிற்கும். டார்வின்களின் சோதனையைப் பிள்ளைகள் கேழ்வரகில் செய்ய முடியாது, முளை மிகச் சிறிது. நெல் முளையில் அலுமினியத் தாள் குல்லாய் போட்டுச் செய்யலாம். ஒன்பது நாள் வீட்டிலேயே திறந்திருக்கும் இந்தச் சோதனைச்சாலையை விட்டுவிட்டுப் பிளாஸ்டிக் புல்விரிப்பை வாங்கிப் போடுவது பிள்ளைகளுக்குச் செய்யும் நஷ்டம்.

பொம்மைகளுக்குச் செய்யும் நஷ்டம் வேறு வகை. நிறம் மங்கிய பழைய மண்பொம்மைக்கு எனாமல் பெயின்ட் அடிப்பது பரவலாகிவிட்டது. சுட்ட மண் ஈரத்தை உறிஞ்சி வெளிவிடும் பொருள். எனாமல் அதன்மேல் காற்றுப் புகாத தோலாகப் படிகிறது. உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியின்றி அந்தத் தோலைத் தள்ளி உப்பச் செய்யும். இரண்டு மூன்று வருஷத்தில் பெயின்ட் பெயரும்போது அடியிலிருந்த பழைய வண்ணத்தையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு வரும். தடித்த பூச்சில் இமைவரியும் சரிகையும் மூழ்கிப்போவது அதைவிடப் பெரிய இழப்பு. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை 2008-09 ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அதிலும் கழுத்துக் கம்பியைச் சுற்றிப் பெயின்ட் இறுகினால் தலை ஆடாது. பழைய பொம்மையை உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டி அப்படியே வைக்கலாம். வண்ணம் பூசியே ஆகவேண்டிய நிலையில் பொம்மை செய்பவரிடமே கொடுக்க வேண்டும். அவருக்கும் கொலு முடிந்தபின் வேலை வேண்டும்.

எடுத்து வைக்கும்போது பிளாஸ்டிக் பை கூடாது. கொலு முடிந்து சில நாட்களில் ஐப்பசி அடைமழை தொடங்கிவிடும். பைக்குள் அடைபட்ட ஈரம் காகிதக்கூழ் பொம்மையில் பூஞ்சையாகப் பூக்கும். பழைய பருத்தி வேட்டியில் தனித்தனியே சுற்றி, தரையில் படாமல் மரப்பெட்டியில் வைத்து, தை மாதம் ஒரு நாள் திறந்து நிழலில் காற்றாட விடலாம்.

முளைத்த கேழ்வரகைக் குப்பையில் கொட்ட வேண்டாம். வேரோடு பிரித்து, மழைநீர் தேங்காத மேட்டுப் பாத்தியில் இடைவெளி விட்டு நட்டால் பிடித்துக்கொள்ளும். கேழ்வரகின் வயது நூறிலிருந்து நூற்றிருபது நாள். கொலுவுக்கு விதைத்தது தையில் கதிர் அறுப்புக்கு வரும்.