டாக்டரைக் கண்டால் ஏறும் இரத்த அழுத்தம்

கல்வராயன் மலையிலிருந்து இறங்கி, பஸ் மாறிச் சின்னசேலம் வந்து, டாக்டர் முன் அமரும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். கையில் பட்டையைச் சுற்றிக் காற்று ஏற்றுகிறார்கள். "என்ன சொல்லப் போகிறாரோ?" என்று நெஞ்சு படபடக்கிறது. கருவி 160/95 காட்டுகிறது. வீட்டுத் திண்ணையில் அளந்தாலோ அதே மனிதருக்கு 128/80 தான்! இவற்றில் எது பொய்?

இரண்டுமே மெய் என்பதுதான் வேடிக்கை. அச்சம் தோன்றியதும் பரிவு நரம்புகள் முடுக்கிவிடப்படுகின்றன. சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்துள்ள அட்ரீனல் சுரப்பிகள் அட்ரினலினைச் சுரக்கின்றன. இதயம் விரைவாகவும் வலுவாகவும் துடிக்கிறது. நுண்தமனிகள் பல சுருங்குகின்றன. அழுத்தம் ஏறாமல் என்ன செய்யும்? கரடியைக் கண்டு ஓட உதவும் ஏற்பாடு, ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டும் இயங்கிவிடுகிறது!

1983-இல் இத்தாலியின் மிலான் நகரில் மான்சியா குழுவினர், நோயாளிகளின் தமனிக்குள்ளேயே நுண்குழாய் செருகி அழுத்தத்தை இடைவிடாது பதிவு செய்தனர். டாக்டர் கட்டிலருகே வந்த சில நிமிடங்களுக்குள் மேல் அழுத்தம் சராசரியாக 27 மில்லிமீட்டரும், கீழ் அழுத்தம் 15 மில்லிமீட்டரும் ஏறின. நர்ஸ் அளந்தபோது ஏற்றம் ஏறக்குறையப் பாதிதான் என்று பின்னர் கண்டனர். (டாக்டர்கள் வருந்த வேண்டாம், குற்றம் அவர்களுடையதன்று.) 'வெள்ளைக் கோட்டு இரத்த அழுத்தம்' என்பது இந்நிலைக்கு வழங்கும் பெயர்.

ஒரே அளவை நம்பி மாத்திரை தொடங்கினால், தேவையில்லாதவருக்கு அழுத்தம் மிகத் தாழ்ந்து தலை சுற்றக்கூடும். இதற்கு நேர்மாறான தவறு இன்னும் கொடியது: "எனக்கு வெறும் பயந்தான்" என்று தட்டிக் கழிப்பது. இத்தகையோரில் சிலருக்கு நாளடைவில் நிலையான உயர் அழுத்தமே வந்துவிடுகிறது. டாக்டரிடம் சரியாகவும் வீட்டில் உயர்ந்தும் இருப்போரும் உண்டு. எனவே டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தலாகாது.

பிறகு எப்படி அறிவது? வீட்டில் அளந்து பார்ப்பதே எளிய வழி. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பணியாளர்களே வீடு தேடி வந்து அளக்கிறார்கள். அளப்பதற்கு அரைமணி முன்பிருந்து காப்பியும் புகையும் கூடாது. ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி அமர வேண்டும். கை இதய மட்டத்தில் இருக்கட்டும், பேச்சு வேண்டாம். ஒரு நிமிடம் விட்டு மறுமுறையும் அளக்க வேண்டும். இவ்வாறு காலையும் மாலையும் ஒரு வாரம் குறித்த அளவுகளின் சராசரி 135/85-க்குக் குறைவா என்று டாக்டர் பார்ப்பார். அடுத்த முறை சின்னசேலத்துக்குப் பஸ் ஏறும்போது அந்த நோட்டையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.