யார் அனுப்பிய பணம்?

தாம்பரத்தில் ஒரு வீடு. இரண்டு வருடம் ஓடிய லேப்டாப்பை இணையத்தில் 22,000 ரூபாய்க்கு விற்கப் போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை சாயங்காலம் ஓர் இளைஞர் வருகிறார். திறந்து பார்க்கிறார், சார்ஜரைச் செருகிப் பார்க்கிறார், ஐந்நூறு குறைக்கச் சொல்கிறார். பேரம் படிகிறது. “அண்ணன் ஜிபே பண்ணிடுவாரு சார்” என்று போனை எடுக்கிறார். இரண்டே நிமிடத்தில் 21,500 ரூபாய் வந்து விழுகிறது. வீட்டுக்காரர் விவரமானவர். குறுஞ்செய்தியை நம்பாமல் வங்கிச் செயலியைத் திறந்து, இருப்பைப் பார்த்துவிட்டுத்தான் பொருளைக் கொடுக்கிறார்.

மூன்று வாரம் கழித்துப் பால்காரருக்கு அனுப்பும் பணம் போக மறுக்கிறது. ஏடிஎம்மிலும் வரவில்லை. வங்கியில் போய் நின்றால், வேறு மாநிலக் காவல்துறை கேட்டுக்கொண்டபடி கணக்கை முடக்கியிருப்பதாகச் சொல்கிறார்கள். சம்பளம் வரும் கணக்கு அது. வீட்டுக் கடன் தவணையும் அதிலிருந்துதான் போகிறது.

பழைய பொருள் விற்பவர்களை எச்சரிக்கும் செய்திகள் பெரும்பாலும் ‘பணம் வந்ததா என்று பாருங்கள்’ என்பதோடு நின்றுவிடுகின்றன. இங்கே பணம் வந்துதான் இருக்கிறது. அது யாருடைய பணம் என்பதில்தான் வினை.

மோசடிக்காரர் முதலில் தாம்பரத்து விளம்பரத்தின் படங்களை அப்படியே எடுத்து, இன்னும் குறைந்த விலைக்குத் தன் பெயரில் ஒரு விளம்பரம் போடுகிறார். எங்கோ ஓர் ஊரில் ஒருவர் அதை நம்பி வாங்கச் சம்மதிக்கிறார். ‘இந்த எண்ணுக்குப் பணம் போடுங்கள்’ என்று அவருக்குக் கொடுக்கப்படுவது தாம்பரத்து வீட்டுக்காரரின் யுபிஐ எண். விலையில் உள்ள வித்தியாசத்தை மோசடிக்காரரே கையிலிருந்து போட்டு நிரப்பினாலும் அவருக்கு லாபம்தான். லேப்டாப் கைக்கு வந்துவிடுகிறது. பணம் கட்டியவருக்குப் பொருள் இல்லை. பொருளை எடுத்துப் போனவர் தன் கணக்கிலிருந்து பெரிதாக எதுவும் அனுப்பவில்லை, அதனால் தடயமும் இல்லை. புகாரில் கணக்கு எண்ணோடு அகப்படும் ஒரே ஆள், நேர்மையாக விற்றவர்.

பணத்தை இழந்தவர் 1930 என்ற எண்ணுக்கு அழைக்கிறார், அல்லது தேசிய இணையக் குற்றப் புகார் தளத்தில் பதிகிறார். மத்திய உள்துறை அமைச்சகத்தின் கீழ் 2021-இல் இந்த நிதி மோசடிப் புகார் ஏற்பாடு வந்தது. புகார் பதிவானவுடன் பணம் எந்தக் கணக்குக்குப் போனது, அங்கிருந்து எங்கே நகர்ந்தது என்று தொடர்ந்து சென்று நிறுத்தி வைப்பதுதான் இதன் வேலை. சேமிப்பையெல்லாம் பறிகொடுத்த எத்தனையோ பேருக்கு இது ஒன்றுதான் கைகொடுக்கிறது. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்த வேகத்தில் லேப்டாப் விற்றவருக்கும் கொள்ளையடித்தவருக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. தகராறு 21,500 ரூபாய்க்கு என்றால் அதை மட்டும் நிறுத்தி வைப்பது நியாயம். முழுக் கணக்கையும் பூட்டிவிட்டு, ஒரு குடும்பத்தை மாதக்கணக்கில் கைமாற்று வாங்க வைப்பது அநியாயம். நீதிமன்றங்களும் இந்தப் பக்கம்தான் பேசியிருக்கின்றன. சந்தேகத்துக்குரிய தொகைக்கு மேல் முடக்கக் கூடாது என்று 2023-இல் கேரள உயர்நீதிமன்றம் சொன்னது. தொகையைக் கணக்கிட்டுச் சொல்லாமல் முழுக் கணக்கையும் முடக்க முடியாது என்று 2024-இல் சென்னை உயர்நீதிமன்றமும் சொன்னது.

ஆகவே கணக்கு முடங்கினால் வங்கிக் கிளையில் வாய்வார்த்தையாகக் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். எழுத்தில் கொடுத்து, எழுத்தில் பதில் வாங்குங்கள்: எந்தக் காவல் நிலையம், புகாரின் ஒப்புகை எண் என்ன, எந்தப் பரிவர்த்தனை, எவ்வளவு தொகை. அந்த நான்கு விவரமும் கிடைத்தால்தான் அடுத்த அடி வைக்க முடியும். விசாரிக்கும் அதிகாரிக்கு மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும், நீங்கள் விற்ற பொருள் எது, எப்போது விளம்பரம் போட்டீர்கள், யாரிடம் கொடுத்தீர்கள் என்பதை ஆதாரங்களோடு எழுதுங்கள். உங்கள் மாவட்ட இணையக் குற்றப் பிரிவிலும் ஒரு மனு கொடுங்கள். இந்தக் கதையில் நீங்களும் பொருளைப் பறிகொடுத்தவர்தான். அதிகார எல்லையைக் காரணம் காட்டிப் புகாரைத் திருப்பக் கூடாது என்று 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு சொல்கிறது. கணக்கை முடக்கக் காவல்துறை பொதுவாகக் காட்டுவது அதே சட்டத்தின் 106-ஆம் பிரிவை; முடக்கிய விவரத்தை நடுவருக்குத் தெரிவிக்க வேண்டிய கடமையும் அதே பிரிவில் இருக்கிறது. கடிதங்களுக்குப் பலன் இல்லையென்றால் நடுவர் நீதிமன்றத்தில் மனு போடலாம், இல்லையேல் உயர்நீதிமன்றத்தை அணுகலாம்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். ‘பணத்தைத் திருப்பிப் போட்டுவிடுங்கள், கணக்கைத் திறக்க வைக்கிறேன்’ என்று யாரோ போனில் சொன்னால், அவர் தரும் எண்ணுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். திருப்பித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தாலும், வங்கி வழியாக, பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அந்தக் கணக்குக்கே போகட்டும்.

விற்றவர், பணம் கட்டியவர், மோசடிக்காரர் என்று மூவர் வரும் இந்த முக்கோண மோசடி அளவுக்குச் சிக்கலில்லாத, பழகிப்போன தந்திரங்களும் ஓயவில்லை. ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றலாகிவிட்டது, சோபாவைப் பார்க்காமலே வாங்கிக்கொள்கிறேன் என்று ஒரு குரல். கூடவே சீருடைப் படம், அடையாள அட்டை. ‘இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள், பணம் வந்துவிடும்’ என்பார். யுபிஐயில் ஸ்கேன் செய்த பிறகு பின் நம்பர் கேட்டால் உங்கள் பணம் வெளியே போகப் போகிறது என்று அர்த்தம். பணம் பெறுவதற்குப் பின் நம்பர் வேண்டாம், ஸ்கேனும் வேண்டாம். 2016-இல் யுபிஐ வந்த நாளிலிருந்து இதுதான் விதி. தனியாள் தனியாளிடம் பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் வசதியை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தும்படி தேசியப் பணப்பட்டுவாடா கழகம் வங்கிகளுக்கு உத்தரவிட்டது. இதில் ஒரு வாசல் அடைபட்டது. க்யூஆர் வாசல் இன்னும் திறந்தே இருக்கிறது.

இன்னொன்று, வாசலில் நின்றபடியே நடக்கும் தகராறு. “என் அக்கவுண்ட்ல கட் ஆயிடுச்சு சார், உங்களுக்கு வரலைன்னா நான் என்ன பண்றது?” வந்தவர் பொய் சொல்கிறாரா, நிஜமாகவே நடுவழியில் நின்றுவிட்டதா என்று அந்த இடத்தில் உங்களால் கண்டுபிடிக்க முடியாது, கண்டுபிடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி, அனுப்பியவர் கணக்கில் கழிந்து பெறுபவருக்குச் சேராத யுபிஐ பணம், பரிவர்த்தனைக்கு அடுத்த நாளுக்குள் தானாகத் திரும்பிவிட வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீட்டை வங்கி தர வேண்டும். இதை அவரிடம் தன்மையாக எடுத்துச் சொல்லுங்கள். உண்மையாகவே வாங்க வந்தவர் நாளைக்கும் வருவார். பச்சை டிக் போட்ட ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிச் சத்தம் போடுபவரிடம் இரக்கப்பட்டுப் பொருளைத் தூக்கிக் கொடுப்பதுதான் வேண்டாம்.

பலருக்கு இங்கேதான் சங்கடம். வீடு தேடி வந்தவரைச் சந்தேகப்படுவதா என்று கூச்சம். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் அந்தக் கூச்சத்துக்கு இடமே வைக்கவில்லை. வேறு உடன்பாடு இல்லாதவரை, பொருளைக் கொடுப்பதும் விலையைக் கொடுப்பதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டியவை என்கிறது அதன் 32-ஆம் பிரிவு. ஒரு கையில் கொடு, மறு கையில் வாங்கு என்று சந்தையில் நம் தாத்தாக்கள் நடத்திய அதே வழக்கம். ‘மீதியை அடுத்த வாரம் தருகிறேன்’ என்று சொல்லும்போது நீங்கள் விற்பவர் என்ற நிலையிலிருந்து கடன் கொடுத்தவர் என்ற நிலைக்கு மாறிவிடுகிறீர்கள். எட்டாயிரம் ரூபாய் பாக்கிக்காக உரிமையியல் நீதிமன்றப் படியேற யாருக்கும் தெம்பு இருக்காது என்பது எதிராளிக்கும் தெரியும்.

இருசக்கர வாகனத்தில் இந்த மீதி விவகாரம் இன்னும் ஆபத்தானது. பாதிப் பணத்துக்கு வண்டியைக் கொடுத்துவிட்டுப் பெயர் மாற்றாமல் விட்டால், அந்த வண்டி விபத்தில் சிக்கும்போது ஆர்.சி.யில் இருப்பது உங்கள் பெயர். பதிவேட்டில் உரிமையாளராக இருப்பவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. முழுப் பணமும் வந்த அன்றே 29, 30 எண் படிவங்களில் கையெழுத்துப் போட்டு, ஆர்டிஓ அலுவலகத்தில் சேர்ந்ததா என்று பின்தொடருங்கள்.

விற்று முடித்த பிறகு வரும் சண்டை வேறு மாதிரி. பத்து நாள் கழித்து, “பேட்டரி நிக்கல, காசைத் திருப்பிக் குடுங்க, இல்லன்னா கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போவேன்” என்று ஒரு செய்தி. வீட்டில் கிடந்த ஒரு பொருளை ஒருமுறை விற்றவர் வியாபாரி அல்லர். நுகர்வோர் சட்டம் குறிவைப்பது தொழிலாக விற்பவர்களை. சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவிலும், வாங்குபவர் பார்த்து வாங்க வேண்டும் என்பதுதான் அடிப்படை. இதையெல்லாம் தெரிந்துகொண்டு குறையை மறைத்து விற்கலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இருக்கிற பழுதை இல்லை என்று சொல்லி விற்றால் அது மோசடி. எந்தப் பிரிவும் காப்பாற்றாது. பேட்டரி மூன்று மணி நேரம்தான் நிற்கும், இடது கீலில் விரிசல் இருக்கிறது என்று விளம்பரத்திலேயே எழுதிவிட்டால், பத்து நாள் கழித்து வரும் மிரட்டலுக்கு அந்த வரியே பதில்.

மறுபடி தாம்பரத்துக்கு வருவோம். பணம் வந்தபோது செயலித் திரையில் அனுப்பியவர் பெயர் இருந்தது. அந்தப் பெயரும் எதிரில் நிற்பவர் பெயரும் ஒன்றா என்று பார்த்திருந்தால் போதும். ‘அண்ணன் அனுப்புவார்’, ‘மேனேஜர் அனுப்புவார்’ என்றால் அந்த அண்ணனோடு வீடியோ அழைப்பில் பேசுங்கள். எந்தப் பொருளுக்கு, யாரிடம் கொடுக்கச் சொல்லி அனுப்பினார் என்று கேளுங்கள். முடியாது என்றால், வந்தவர் தன் கணக்கிலிருந்தே அனுப்பட்டும், அல்லது ரொக்கமாகத் தரட்டும். எடுத்துவர டெலிவரி ஆளை அனுப்புகிறேன் என்பவருக்கும் இதே பதில்தான். பொருளைக் கொடுப்பதற்கு முன்பே வேறு யாருடைய பணமோ வந்துவிட்டால், பொருளை உள்ளே வைத்துவிட்டு வங்கிக்குத் தகவல் சொல்லுங்கள்.

பொருளோடு அசல் பில்லையும் கொடுப்பது நம் வழக்கம். கொடுக்கும் முன் அதைப் படம் எடுத்து வையுங்கள். பொருளின் சீரியல் எண், வந்தவரின் அடையாள அட்டை, வண்டி எண், விளம்பரம், பேசிய உரையாடல், விற்ற தேதி போட்டு இருவரும் கையெழுத்திட்ட ஒரு தாள், எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும். வேறு மாநிலத்தில் உங்களை முன்பின் பார்த்திராத ஓர் அதிகாரி, கணக்கைத் திறக்கச் சொல்லலாமா என்று யோசிக்கும்போது அவர் மேசைமேல் இருக்கப்போவது அந்தப் படங்கள்தான்.